காய்ப்புழு வளர்ப்பு உணவில் வைட்டமின்: ஈஸ்டா, மருந்துக்கடை கேப்சூலா, தயார் கலவையா?

ஆய்வகத்தில் காய்ப்புழு வளர்க்கச் சமைக்கும் உணவில் கொண்டைக்கடலை மாவையும், அதை உறையவைக்கும் கடற்பாசிப் பொருளான அகரையும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் போடுகிறார்கள். வைட்டமினுக்குத்தான் ஆளுக்கொரு வழி. ஈஸ்ட் போதும் என்பார் ஒருவர். மருந்துக்கடையில் வாங்கிய பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூலை உடைத்துக் கொட்டுவார் இன்னொருவர். கொஞ்சம் பணவசதி உள்ள ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் பூச்சி உணவுக்கென்றே விற்கும் வைட்டமின் டப்பா இருக்கும். என்.பி.வி. நச்சுயிரியை (புழுவுக்குள்ளேயே பெருக்கி, பயிரில் புழுவைக் கொல்லத் தெளிப்பது) தயாரிக்கும் சிறு கூடங்கள், முதுநிலை மாணவர்கள், பூச்சிக்கொல்லிச் சோதனை நடத்துபவர்கள் என எல்லாரும் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்கன் காய்ப்புழு, அதாவது ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. புரோடீனியா என்று நாம் அழைக்கும் ஸ்போடாப்டெரா லிட்டுராவுக்கும், மக்காச்சோளப் படைப்புழுவுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அசுவினிக்கும் புகையானுக்கும் பொருந்தாது. சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சிகளின் உடலுக்குள்ளேயே வாழும் நுண்ணுயிரிகள் வைட்டமின்களில் ஒரு பங்கைத் தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. அவற்றின் கணக்கே வேறு.

## புழுவுக்கு எந்த வைட்டமின் எதற்கு

தயமின், ரைபோஃபிளேவின், நியாசின், பேன்டோதெனிக் அமிலம், பைரிடாக்சின், ஃபோலிக் அமிலம், பயோட்டின் ஆகிய ஏழு பி வைட்டமின்களும் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளுக்கும் உணவிலிருந்தே வரவேண்டும். இவற்றில் ஒன்று முற்றிலும் இல்லையென்றால் புழு முதல் இரண்டு தோலுரிப்பைத் தாண்டாது. குறைவாக இருந்தால் சாகாது, ஆனால் நாள் நீளும்: ஒரே நாளில் பொரித்த புழுக்களில் சில ஐந்தாம் நிலையிலும் சில மூன்றாம் நிலையிலும் கலந்து நிற்கும்.

கோலின் இவற்றைவிடப் பல மடங்கு அதிகமாகத் தேவைப்படும். உயிரணுச் சவ்வு கட்டும் பொருள் அது. குறைந்தால் புழு சிறுக்கும், தாய் அந்துப்பூச்சி இடும் முட்டையும் குறையும்.

வைட்டமின் சி-தான் பயிர் தின்னும் புழுவைத் தானியம் தின்னும் பூச்சியிலிருந்து பிரிக்கும் கோடு. அமெரிக்காவில் எர்மா வாண்டர்சான்ட் குழுவினர் மூன்று பருத்திப் பூச்சிகளை வைத்து வைட்டமின் சி-யின் பங்கை ஆராய்ந்து 1962-ல் வெளியிட்டார்கள். நம் காய்ப்புழுவின் நெருங்கிய உறவான ஹெலிகோவெர்பா சீயா அந்த மூன்றில் ஒன்று. பச்சை இலையிலும் காயிலும் எப்போதும் கிடைப்பதால் இந்தப் புழுக்கள் அதைத் தாமே தயாரித்துக்கொள்ளும் நிலையில் இல்லை. உலர்ந்த தானியத்தில் வாழும் அரிசி அந்துப்பூச்சியான கார்சிராவுக்கு அது தேவையே இல்லை. ட்ரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிக்காகக் கார்சிராவை வளர்க்கும் தட்டில் 2.5 கிலோ உடைத்த கம்பு, 100 கிராம் நிலக்கடலைத் தூள், 5 கிராம் ஈஸ்ட் போதுமானதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கார்சிரா கூடம் நடத்தி அனுபவப்பட்டவர் காய்ப்புழுவுக்கு மாறும்போது வைட்டமின் சி-யை அலட்சியமாக நினைப்பது இதனால்தான்.

சி குறைந்தால் வரும் அடையாளம் தனித்தது. முதல் நிலைகளில் புழு நன்றாகத்தான் தின்னும். பிறகு தோலுரிப்பில் மாட்டும்: பழைய தோல் தலைப்பகுதியிலோ வால்பகுதியிலோ ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் பாதிப் புழு பாதிக் கூடு என்ற நிலையில் கறுத்துச் சாகும்.

வைட்டமின் ஈ இனப்பெருக்கத்தோடு தொடர்புடையது. கரோட்டினிலிருந்து வரும் வைட்டமின் ஏ அந்துப்பூச்சியின் கண் நிறமிக்கு வேண்டும். புழுவின் எடையில் இரண்டும் பெரிதாகத் தெரியாது. வைட்டமின் டி பூச்சிக்குத் தேவையில்லை. மனிதருக்கான கேப்சூலில் அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

ஐந்து அளவுகோல்கள் போதும். முதலாவது, புழு எதற்காக: நச்சுயிரி உற்பத்திக்கா, மருந்துச் சோதனைக்கா, வைட்டமின் ஆய்வுக்கா. மற்ற நான்கும் இதற்குப் பின்னால்தான் வரும். இரண்டாவது, வைட்டமின் சி எவ்வளவு போகிறது, எத்தனை நாள் நிற்கிறது. மூன்றாவது, பி வைட்டமினும் கோலினும் போதுமா. நான்காவது, இன்று செய்த உணவும் ஆறு மாதம் கழித்துச் செய்யும் உணவும் ஒன்றாக இருக்குமா. ஐந்தாவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு: குளிர்பதனம், மில்லிகிராம் நிறுக்கும் தராசு, காலாவதி, வேலையாள் நேரம்.

நச்சுயிரிக் கூடத்துக்கு எடை ஏன் பணம் என்பதற்கு ஒரு கணக்கு. வயலில் தெளிக்க எக்டேருக்கு 250 எல்.இ. (ஒரு எல்.இ. என்பது ஒரு புழுவிலிருந்து கிடைப்பதாகக் கொள்ளும் நச்சுயிரி அளவு) என்பது பரிந்துரை, ஒரு எல்.இ. என்பது 600 கோடி நச்சுயிரி உறைதுகள். ஆக ஒரு எக்டேருக்கு 1.5 லட்சம் கோடி துகள் வேண்டும். சிறுத்த புழுவில் துகள் பெருகும் இடமே குறைவு. அதே எண்ணிக்கையை எட்டக் கூடுதல் புழு, கூடுதல் குழித்தட்டு, கூடுதல் அகர் என்று செலவு வளரும்.

## அடிப்படை உணவு: எல்லா வழிக்கும் பொது

ஒப்பிடுவதற்கு ஒரே அடிப்படை வேண்டும். நம் நாட்டில் பரவலாக உள்ள செய்முறை இது:

- காபூலி கொண்டைக்கடலை மாவு 105 கிராம், மெத்தில் பாராபென் 2 கிராம், சார்பிக் அமிலம் 1 கிராம், ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட் 0.25 கிராம், 10% ஃபார்மலின் 2 மி.லி.
- அகர் 12.75 கிராம்
- அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) 3.25 கிராம், ஈஸ்ட் 25 மாத்திரை (பொடியாகப் போடுபவர்கள் 10 கிராம் எடுப்பார்கள்), பல்வைட்டமின் கேப்சூல் 2, வைட்டமின் ஈ கேப்சூல் 2
- காய்ச்சி வடித்த நீர் 780 மி.லி., பாதி மாவுக்கு, பாதி அகருக்கு

மொத்தம் 900 கிராமுக்குச் சற்று மேல் வரும். பெரிய புழு ஒன்றுக்கு 7 கிராம் என்றால் ஏறத்தாழ 130 குழிகள். இந்தப் புழு ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனிக் குழிதான்.

இனி மையமான கணக்கு. கொண்டைக்கடலை, ஈஸ்ட் இரண்டுக்கும் உணவு அட்டவணைகளில் உள்ள மதிப்புகளை வைத்து ஒரு தொகுதிக்குக் கிடைப்பதைக் கீழே உள்ள அட்டவணையின் முதல் பத்தியில் போட்டிருக்கிறோம். இரண்டாவது பத்தி, லேபிளில் தயமின் 10, ரைபோஃபிளேவின் 10, நியாசினமைடு 100, பேன்டோதெனேட் 50, பைரிடாக்சின் 3, ஃபோலிக் அமிலம் 1.5, வைட்டமின் சி 150 மி.கி. என்றுள்ள பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல் இரண்டு. மூன்றாவது, பூச்சி உணவுக்கென விற்கும் தயார் கலவையான வாண்டர்சான்ட் கலவை 10 கிராம். எல்லாம் மில்லிகிராமில்:

| சத்து | கடலை மாவு 105 கி. + ஈஸ்ட் 10 கி. | கேப்சூல் 2 | வாண்டர்சான்ட் கலவை 10 கி. |
|---|---|---|---|
| தயமின் | 1.6 | 20 | 2.5 |
| ரைபோஃபிளேவின் | 0.6 | 20 | 5 |
| நியாசின் | 5.6 | 200 | 10 |
| பேன்டோதெனிக் அமிலம் | 3 | 100 | 10 |
| பைரிடாக்சின் | 0.7 | 6 | 2.5 |
| ஃபோலிக் அமிலம் | 0.8 | 3 | 2.5 |
| கோலின் | 100-ஐ ஒட்டி | 0 | 500 (குளோரைடாக) |
| வைட்டமின் சி | 4 | 300 | 2,700 |

கடைசி வரியைப் பாருங்கள். பி வைட்டமின்கள் மாவிலும் ஈஸ்டிலும் ஓரளவு வந்துவிடுகின்றன. ரைபோஃபிளேவின் மட்டும் மெலிவு. வைட்டமின் சி மாவிலும் இல்லை, ஈஸ்டிலும் இல்லை, கேப்சூலிலும் பேருக்குத்தான். ‘கேப்சூலில் சி இருக்கிறதே’ என்று 3.25 கிராம் அஸ்கார்பிக் அமிலத்தை விட்டுவிட்டால் தேவையான அளவில் பத்தில் ஒரு பங்குகூட உணவில் இருக்காது. பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் பிறக்கின்றன. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் கவனம் வைட்டமின் சி-க்கே போகவேண்டும் என்று நாம் அடித்துச் சொல்வது இதனால்தான்.

## வழி 1: இலை, காய், முளைக்கடலை

புரோடீனியாவுக்கு ஆமணக்கு இலை, காய்ப்புழுவுக்கு வெண்டைக்காய்த் துண்டு அல்லது ஊறவைத்து முளைகட்டிய கடலை. முளைகட்டும்போது வைட்டமின் சி கூடும் என்பதால் வெறுமனே ஊறிய கடலையைவிட முளைத்தது நல்லது. பச்சை இலையில் சி, கோலின், கரோட்டின் எல்லாம் இயல்பாகவே இருக்கின்றன. வைட்டமினுக்கென்று தனிச்செலவே கிடையாது.

செலவு வேறு பக்கத்தில் வரும். தினமும் இலை மாற்றவேண்டும். வாடிய இலையில் நீரும் போகும், சி-யும் போகும். வெளியிலிருந்து வரும் இலையோடு நச்சுயிரியும் நுண்ஒட்டுண்ணியும் உள்ளே வந்து வளர்ப்பையே துடைத்துவிடலாம். நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 5 நிமிடம் முக்கி, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஈரம் போக உலர்த்தித்தான் போடவேண்டும். கடையில் வாங்கும் வெண்டைக்காயில் மருந்து எச்சம் இருந்தால் இளம் புழுக்கள் ஒரே இரவில் சாகும். இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும் சத்து வேறு, மழைக்கும் கோடைக்கும் வேறு.

தாய்ப்பூச்சிகளின் ஒரு தலைமுறையை இலையில் வளர்த்து வலுவேற்றவும், விளக்குப்பொறி போல அந்துப்பூச்சியின் பார்வையோடு தொடர்புள்ள சோதனைக்கும் இது நல்ல வழி. நூற்றுக்கணக்கில் ஒரே அளவுப் புழு வேண்டுமென்றால் இதில் இறங்கவேண்டாம்.

## வழி 2: ஈஸ்டும் அஸ்கார்பிக் அமிலமும் மட்டும்

கேப்சூலே வேண்டாம் என்னும் வழி. மேலே உள்ள அட்டவணைப்படி பி வைட்டமின் பெரும்பாலும் தேறும். ஈஸ்டை 10-லிருந்து 20 கிராமாக்கினால் தயமினும் நியாசினும் ரைபோஃபிளேவினும் இன்னும் மேலே வரும். ஈஸ்ட் புரதமும் தருகிறது, புழுவுக்குச் சுவையும் கூட்டுகிறது.

எந்த ஈஸ்ட் என்பதில்தான் விஷயம். ரொட்டிக்குப் போடும் உயிருள்ள உலர் ஈஸ்டை அப்படியே போட்டால் ஈரமான உணவில் அது விழித்துக்கொள்ளும். குழிக்குள் குமிழி, புளித்த வாடை, விரிசல் வரும். உயிருள்ள ஈஸ்ட் தன்னுள் இருக்கும் வைட்டமினை எளிதில் விடாது; சுற்றியுள்ள தயமினையும் உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரையாக வரும் ஈஸ்டோ, உயிர்நீக்கிய ப்ரூவர்ஸ் ஈஸ்டோ இந்தத் தொல்லை தராது. பேக்கரி ஈஸ்டுதான் கிடைக்கிறது என்றால், மாவுக்குரிய நீரில் கொஞ்சத்தை எடுத்துக் கரைத்து, நன்றாகக் கொதி வந்ததும் இறக்கி, அதன்பின் சேருங்கள். தயமினும் ஃபோலிக் அமிலமும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இங்கே மறைசெலவு என்பது ஈஸ்டின் தரம். ஒரு நிறுவனத்தின் பொடிக்கும் இன்னொன்றின் பொடிக்கும் வைட்டமின் அளவு மாறும். திறந்த டப்பாவை ஈரமான அறையில் வைத்தால் கட்டிதட்டும், சத்தும் இறங்கும். நச்சுயிரிக் கூடத்துக்கும் விவசாயிகள் குழுவாக நடத்தும் சிறு உற்பத்திக்கும் இதுவே நம் முதல் தேர்வு. கேப்சூலுக்குப் போகும் காசைக் குளிர்பெட்டியில் வைத்த நல்ல அஸ்கார்பிக் அமிலத்துக்குப் போடுங்கள்.

## வழி 3: மருந்துக்கடை கேப்சூல்

எந்த ஊரிலும் கிடைக்கும், வைத்திருக்கக் குளிர்பெட்டி வேண்டாம், ஒவ்வொன்றும் தனித்தனியாக அடைத்திருப்பதால் எளிதில் கெடாது. ரைபோஃபிளேவின் மெலிவை இது அடித்துச் சரிசெய்துவிடும். செய்முறையில் இடம்பிடித்ததும் இந்தக் காரணங்களால்தான்.

அளவு மனிதருக்கானது என்பதை மறக்கக்கூடாது. நியாசினமைடு வாண்டர்சான்ட் அளவைப்போல 20 மடங்கு, தயமின் 8 மடங்கு. வளர்ப்புக்கு இந்த மிகை பெரிய தொல்லையில்லை. ஆனால் கோலினும் இனோசிட்டாலும் பெரும்பாலான பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்களில் இருக்காது. ஈஸ்டைக் குறைத்துக் கேப்சூலைக் கூட்டுபவர்கள் பி வைட்டமினை இரட்டிப்பாக்கிவிட்டுக் கோலினைக் குறைக்கிறார்கள்.

வாங்கும்போது லேபிளில் மூன்றைப் பாருங்கள்:

1. இரும்பும் தாமிரமும் இருக்கக்கூடாது. இரண்டும் ஈர உணவில் வைட்டமின் சி-யை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கும். ‘தாதுச்சத்து சேர்ந்த’ பல்வைட்டமின்கள் இந்த ஒரு காரணத்தாலேயே வேண்டாம்.
2. சப்பிச் சாப்பிடும் 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரையை அஸ்கார்பிக் அமிலத்துக்கு மாற்றாகப் போடவேண்டாம். அதில் பெரும்பகுதி சோடியம் அஸ்கார்பேட், கூடவே சர்க்கரையும் நிறமும். அஸ்கார்பேட் வைட்டமினாக வேலை செய்யும். ஆனால் உணவைப் புளிப்பாக்காது. புளிப்பு குறைந்தால் சார்பிக் அமிலத்தின் பூசணத் தடுப்பும் குறையும். புழு நன்றாக இருக்கும்போதே குழிகளில் பூசணம் ஏறுவதற்கு இது ஒரு காரணம்.
3. தயாரிப்பு மாதம், கலவை அளவு இரண்டையும் எழுதிவையுங்கள். அதே பெயரில் வரும் கேப்சூலின் கலவை அடுத்த ஆண்டு மாறியிருக்கலாம்.

வைட்டமின் ஈ கேப்சூல் எண்ணெயாக இருப்பதால் நேராக ஊற்றினால் மேலே மிதந்து சில குழிகளுக்கு மட்டும் போகும். ஊசியால் குத்திப் பிழிந்து, ஒரு கரண்டி உலர்ந்த கடலை மாவில் பிசிறி, அந்த மாவைக் கலவையில் சேர்த்தால் சீராகப் பரவும்.

## வழி 4: பூச்சிக்கான தயார் கலவை

வாண்டர்சான்ட் கலவையின் ஒரு கிலோவில் அஸ்கார்பிக் அமிலம் 270 கிராம், கோலின் குளோரைடு 50, இனோசிட்டால் 20, டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) 8, நியாசினமைடும் கால்சியம் பேன்டோதெனேட்டும் தலா 1, ரைபோஃபிளேவின் 0.5, தயமின், பைரிடாக்சின், ஃபோலிக் அமிலம் தலா 0.25 கிராம், பயோட்டின் 20 மி.கி., பி12 2 மி.கி. மீதி ஏறத்தாழ 649 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். பூச்சியின் தேவையை வைத்து எழுதிய அளவு என்பது கோலின் வரியிலேயே தெரிகிறது.

இதன் பெரிய பலம் ஒப்பிடத்தக்க முடிவு. பி.டி. பாக்டீரியாவின் நச்சுக்கோ பூச்சிக்கொல்லிக்கோ எதிர்ப்புத்திறன் சோதிக்கும்போது, இந்த ஆண்டின் 50 சதச் சாவு அளவையும் (பாதிப் புழுக்களைக் கொல்லும் நச்சின் அளவு) மூன்றாண்டுக்கு முந்தையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இடையில் உணவு மாறியிருந்தால் புழுவின் எடை மாறும், நச்சைத் தாங்கும் அளவும் மாறும். எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று தவறாகப் படிக்க நேரும்.

மறைசெலவு இங்கேதான் அதிகம். பெரும்பாலும் இறக்குமதி; வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், குறைந்தபட்ச அளவும் வாங்கவேண்டும். குளிரில்தான் இருக்கவேண்டும். பெரிய டப்பாவைத் தினமும் வெளியே எடுத்துத் திறந்தால் குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் படியும். கோலின் குளோரைடு அந்த ஈரத்தை இழுத்துக் கட்டியாக்கும். ஈரமும் கோலினும் சேர்ந்து மற்ற வைட்டமின்களையும் கெடுக்கும். வந்த அன்றே 50 அல்லது 100 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து, காற்றுப்புகாமல் மூடி, உறைபெட்டியில் வையுங்கள். எடுத்த பொட்டலம் அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் திறக்கவேண்டும். இதைக் கடைப்பிடிக்க ஆளில்லாத இடத்தில் விலையுயர்ந்த கலவை ஆறு மாதத்தில் பழுப்பு நிறச் சர்க்கரைக் கட்டியாகும்.

## வழி 5: தனித்தனியாக வாங்கிச் சொந்தமாகக் கலப்பது

வைட்டமின் ஆய்வுக்கு இதைத் தவிர வழியில்லை. ‘ரைபோஃபிளேவின் இல்லாமல்’, ‘பாதி அளவில்’ என்று உணவு வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் தனியாகக் கையில் இருக்கவேண்டும்.

ஆனால் கடலை மாவு உணவில் ஒரு பி வைட்டமினை மட்டும் விட்டுவிட்டு ‘இது இல்லாமலும் புழு வளர்கிறது’ என்று எழுதுவது தவறான முடிவு. மாவும் ஈஸ்டும் அதைக் கொண்டுவந்துவிட்டன. பி வைட்டமின் ஆய்வுக்கு வைட்டமின் நீக்கிய கேசீன் (பால் புரதம்), சர்க்கரை, செல்லுலோஸ், தாது உப்பு, கொலஸ்ட்ரால், லினோலெனிக் அமிலமுள்ள எண்ணெய் என்று அடிப்படையே வேறாக இருக்கவேண்டும். கடலை மாவு உணவில் நேர்மையாகச் செய்யக்கூடியது வைட்டமின் சி ஆய்வு மட்டுமே. அதிலும் சி இல்லாத உணவின் புளிப்பைச் சிட்ரிக் அமிலத்தால் ஈடுகட்டுங்கள். இல்லாவிட்டால் சாவுக்குக் காரணம் சி குறைவா, பூசணமா என்று பிரிக்கமுடியாது.

புரதத்துக்காக முட்டை வெள்ளைக்கருப் பொடி சேர்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று: வேகாத வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவிடின் உண்டாக்கும் மரபணு புகுத்திய மக்காச்சோளம் சேமிப்புப் பூச்சிகளைத் தாங்கி நிற்பதை 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் உணவில் அதே வேலை தெரியாமல் நடக்கக்கூடாது.

கலப்பதில் சிக்கல் பயோட்டினில் தொடங்கும். ஒரு கிலோ கலவைக்கு 20 மி.கி.; சாதாரணத் தராசில் நிறுக்கவே முடியாது. 0.1 மி.கி. காட்டும் தராசில் நிறுத்து, முதலில் 1 கிராம் டெக்ஸ்ட்ரோஸில், பிறகு 10 கிராமில், பிறகு 100 கிராமில் என்று படிப்படியாகப் பரப்பவேண்டும். ஃபோலிக் அமிலம் நீரில் கரையாது, மெல்லிய காரத்தில் கரையும். அதே காரம் ரைபோஃபிளேவினையும் தயமினையும் அழிக்கும். அதனால் இவற்றை ஒரே கரைசலாக்காமல் உலர்ந்த பொடியாகவே கலப்பது பாதுகாப்பு. கோலினைக் கலவைக்குள் போடாமல் தனி நீர்க்கரைசலாக வைத்திருந்து சமைக்கும் அன்று ஊற்றுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| | இலை / காய் | ஈஸ்ட் + சி | கேப்சூல் + சி | தயார் கலவை | சொந்தக் கலவை |
|---|---|---|---|---|---|
| பி வைட்டமின் | போதும், பருவத்துக்கு மாறும் | போதும், ரைபோஃபிளேவின் மெலிவு | மிகை | சரி | நினைத்த அளவு |
| கோலின் | போதும் | ஈஸ்டைக் கூட்டினால் போதும் | மாவிலிருந்து வருவது மட்டும் | தாராளம் | நினைத்த அளவு |
| ஒரே சீர்மை | இல்லை | ஈஸ்ட் தரத்தைப் பொறுத்தது | லேபிளைப் பொறுத்தது | மிக நன்று | கலப்பவரைப் பொறுத்தது |
| மறைசெலவு | ஆள், நோய்த்தொற்று | உயிருள்ள ஈஸ்டால் புளிப்பு | இரும்பு, கலவை மாற்றம் | உறைபெட்டி, காலாவதி | நுண்தராசு, நேரம் |
| ஏற்ற வேலை | தாய்ப்பூச்சி, சிறு எண்ணிக்கை | நச்சுயிரிக் கூடம் | கல்லூரிப் பயிற்சி, அவசரத் தேவை | எதிர்ப்புத்திறன் சோதனை | வைட்டமின் ஆய்வு |

## எந்த வழியையும் கெடுக்கும் மூன்று

சூடு. அகர் 85 பாகை செல்சியஸுக்கு மேல் கரையும். 40-ஐ ஒட்டித்தான் உறையும். இந்த இடைவெளிதான் நமக்கு வசதி. கொதித்த அகரை மாவுக்கலவையில் ஊற்றிக் கலக்கி, 60-க்குக் கீழே இறங்கியபின் அஸ்கார்பிக் அமிலத்தையும் வைட்டமினையும் போட்டு ஒரு நிமிடம் அரைத்து உடனே குழியில் ஊற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைத்தால் தயமினும் சி-யும் முதலில் போகும்.

உலோகம். செம்பு, பித்தளை, துருப்பிடித்த இரும்புப் பாத்திரம் கூடாது, எவர்சில்வர் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருக்கும் ஊர்களில் காய்ச்சி வடித்த நீரைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் வைட்டமின் சி-தான் விலை.

வெளிச்சமும் நாளும். ரைபோஃபிளேவினும் ஃபோலிக் அமிலமும் வெளிச்சத்தில் கெடும். ஊற்றிய தட்டுகளைச் சன்னலோரம் ஆறவைக்காதீர்கள். குளிர்பெட்டியிலும் சி மெல்லக் குறைந்துகொண்டே போகும். ஒரு வாரத்துக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கே சமையுங்கள்.

சி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. 1 கிராம் உணவை 20 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் நசுக்கிக் கலக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் 5% போவிடோன் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைட்டமின் சி இருக்கும்வரை அயோடின் நிறமிழக்கும். அது தீர்ந்ததும் கடலை மாவிலுள்ள மாவுச்சத்து கருநீலமாகும். தனியாக ஸ்டார்ச் சேர்க்க வேண்டியதில்லை. 3.25 கிராம் முழுதும் உணவில் இருந்தால் கணக்குப்படி 1 மி.லி., அதாவது 20 சொட்டை ஒட்டிப் பிடிக்கவேண்டும். புரதமும் கொஞ்சம் அயோடினை விழுங்கும் என்பதால் எண்ணைத் துல்லியமாக நம்பாமல், சமைத்த அன்று பிடித்த சொட்டுகளோடு ஒப்பிடுங்கள். பாதியாகிவிட்டால் அந்தத் தட்டை ஐந்தாம் நிலைப் புழுவுக்குக் கொடுக்கவேண்டாம்.

சிறகு சுருங்கிய அந்துப்பூச்சி வந்தால் உடனே வைட்டமினைக் கூட்டுவது பழக்கமாகிவிட்டது. பல நேரம் காரணம் லினோலெனிக் போன்ற கொழுப்பு அமிலக் குறைவு, அல்லது வெளிவரும் கூண்டில் ஈரப்பதம் போதாமை. கூண்டின் ஈரத்தைச் சரிபார்த்து, பிறகு 105 கிராம் மாவில் 10 கிராமை எடுத்துவிட்டுப் புதிய கோதுமை முளைத்தூள் போட்டுப் பாருங்கள். வைட்டமின் கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும்.

## ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது

பழைய உணவை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒரே தாய்ப்பூச்சிகளின் முட்டையைப் பிரித்து, பழைய உணவில் 50 புழு, புதியதில் 50 புழு என்று 25–27 பாகையில் பக்கம்பக்கமாக வளருங்கள். பொரித்ததிலிருந்து கூட்டுப்புழுவாகும் நாள், இரண்டாம் நாள் கூட்டுப்புழுவின் எடை ஆண் பெண் தனித்தனியாக, அந்துப்பூச்சி வெளிவந்த சதவீதம், ஒரு ஜோடி இட்ட முட்டை, பொரித்த சதவீதம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

முதல் தலைமுறையில் வேறுபாடே தெரியாமல் போகலாம். தாய் முட்டைக்குள் வைத்த வைட்டமின் இருப்பில்தான் அந்தப் புழுக்கள் ஓடுகின்றன. பி வைட்டமினோ ஈ-யோ குறைவாக இருந்தால் அடுத்த தலைமுறையின் முட்டைப் பொரிப்பில்தான் முதலில் வெளிப்படும். அதனால் குறைந்தது இரண்டு தலைமுறை, முடிந்தால் மூன்று. அதுவரை பழைய உணவில் ஒரு சிறு கூட்டத்தைத் தனியறையில் வைத்திருங்கள். புதிய உணவு காலைவாரினால் முட்டைக்கு வயலுக்கு ஓடவேண்டியதில்லை.